பேர் வெட்டின டப்பா!

தீபாவளின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புது டிரெஸ், சரவெடி, ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ, ஹாஸ்டல்ல இருந்து ஊருக்குப் போற பஸ்ல ஒத்தைக் கால்ல ஸ்டாண்டிங்... எனக்கு 2023-ல இருந்து வேற ஒண்ணுதான் ஞாபகம் வருது. வெள்ளைக் கட்டு போட்ட ஒரு கை. அந்தக் கட்டுக்குக் காரணம் நான்.

பயந்துடாதீங்க பாஸ்... அடிதடி கேஸெல்லாம் இல்லை. இது குப்பை கேஸ்!

திருச்சி உறையூர்ல எங்க வீடு. அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, அப்புறம் அடியேன்னு மொத்தம் அஞ்சு உருப்படி. 2023 தீபாவளி நவம்பர் 12-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போதான் நான் பி.காம். முதல் வருஷம் சேர்ந்திருந்தேன். தம்பி எட்டாங்கிளாஸ். சாயங்காலம் ஏழு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும்தான் பட்டாசு வெடிக்கலாம்னு ரூல் இருக்கே... சார் 6.59-க்கே வாசல்ல ராக்கெட்டோட ஆஜர். ராக்கெட் வைக்க ஒரு காலி ஜூஸ் பாட்டில். கண்ணாடி பாட்டில்.

மூணாவது ராக்கெட்ல பாட்டில் சாய்ஞ்சுது. ராக்கெட் எதிர்வீட்டு கேட்டுக்குள்ள பாய்ஞ்சுது. பாட்டில் படிக்கட்டுல உருண்டு சில்லு சில்லாச்சு. ''செருப்பில்லாம யாரும் வராதீங்க! ஏய், அதை முதல்ல அள்ளுடி''ன்னு அம்மா உள்ளேயிருந்து கத்தினாங்க.

அள்ளினேன். எதுல போட்டேன் தெரியுமா? சமையல்ரூம் கதவுக்குப் பின்னாடி, கவருக்குள்ள கவர், அதுக்குள்ள இன்னொரு கவர்னு ஒரு மூட்டை தொங்குமே... உங்க வீட்லயும் இருக்கும், பொய் சொல்லாதீங்க! அதுல இருந்து உருவின ஒரு கவர்ல. 2019 ஜனவரி 1-ம் தேதியே தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்தாச்சு. எங்க வீட்டுக் கதவுக்கு மட்டும் அந்த நியூஸ் இன்னும் போய்ச் சேரலை.

அந்தக் கவர்ல ஏற்கெனவே காலையில மிஞ்சின இட்லி, கறிக்குழம்பு எலும்பு, வாழை இலை, சாமி படத்துல இருந்து கழட்டின பழைய மாலை எல்லாம் இருந்தது. அப்பாவுக்கு ஆபீஸ்ல கொடுத்த ஸ்வீட் பாக்ஸும் இருந்தது. யாருடையதுன்னு மாறிடக் கூடாதுன்னு அதோட மூடியில சிவப்பு ஸ்கெட்ச்ல அப்பா பேரை எழுதியிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல கண்ணாடிச் சில்லைக் கொட்டி, நாத்தம் வெளியே வரக் கூடாதுன்னு டபுள் முடிச்சு போட்டேன். வேலை முடிஞ்சுது. டி.வி-யில சிறப்பு நிகழ்ச்சி பார்க்க ஓடிட்டேன்.

மறுநாள் திங்கள்கிழமையும் தீபாவளிக்காக கவர்மென்ட் லீவு விட்டிருந்தாங்க. தெருவே தூங்கிட்டு இருக்கு. ஆறரை மணிக்கு விசில் சத்தம். குப்பை வண்டி அக்கா! ஊருக்கே லீவு... அவங்களுக்கு மட்டும் டபுள் டூட்டி. பாதித் தூக்கத்துல போய் மூணு கவரைக் கொடுத்துட்டு வந்து மறுபடியும் போர்வைக்குள்ள புகுந்துட்டேன்.

அடுத்த ரெண்டு நாள் வேற ஒரு அண்ணன் வந்தார். வியாழக்கிழமைதான் அக்கா வந்தாங்க. வலது உள்ளங்கையில கட்டு.

''என்னாச்சுங்க?''ன்னு அம்மா கேட்டாங்க.

''திங்கக்கிழமை குப்பையப் பிரிக்கும்போது கண்ணாடி இழுத்துருச்சுக்கா. மூணு தையல். ஊசி போட்டாங்க. ரெண்டு நாள் சம்பளமும் போச்சு.''

''யாரு அப்படி அறிவில்லாம போட்டாங்களோ! நல்லா இருப்பாங்களா அவங்க''ன்னு அம்மா பொரிஞ்சு தள்ளிட்டாங்க.

அந்த அறிவில்லாத ஆளு அம்மாவுக்குப் பின்னாடிதான் பல் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். வாய் நிறைய பேஸ்ட். அதுவே நல்ல சாக்காப் போச்சு. ஒரு வார்த்தை பேசலை.

ரூல்ஸ் ரங்கநாயகி!

தப்பு பண்ணினவங்க ரெண்டு வகை. ஒருத்தர் மன்னிப்பு கேட்பாங்க. இன்னொருத்தர் மன்னிப்பு கேட்காம, திடீர்னு ரொம்ப நல்லவங்களா மாறி ஊரையே திருத்தக் கிளம்பிடுவாங்க. நான் ரெண்டாவது வகை.

2024 தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே ஃப்ரிட்ஜ் மேல சார்ட் ஒட்டிட்டேன். 'மக்கும் குப்பை - பச்சை. மக்காத குப்பை - நீலம். காலாவதி மாத்திரை, பேட்டரி, பல்பு - தனி டப்பா.' இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. குப்பையை உருவாக்குற வீடே அதை இப்படி மூணாப் பிரிச்சுக் கொடுக்கணும்னு 2016-லயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிடுச்சு. கல்லூரியில செமினார் எடுக்கிற மாதிரி வீட்ல எல்லாரையும் உட்கார வெச்சு கிளாஸ் எடுத்தேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டார். தம்பி எனக்கு 'ரூல்ஸ் ரங்கநாயகி'ன்னு பேர் வெச்சான். அப்பாயி தூங்கிட்டாங்க.

சரி, பேச்சு எடுபடலை... கணக்குல மடக்குவோம்னு முடிவு பண்ணினேன். பி.காம். ஸ்டூடன்ட்டாச்சே! ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்க அப்பா ஒரு கொக்கித் தராசு வெச்சிருந்தார். சாதாரணமா மூணு நாளைக்கு எங்க வீட்டுக் குப்பை சுமார் 5 கிலோ. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. முந்தின நாள், தீபாவளி, மறுநாள்... மூணு நாளும் ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டு நோட்ல எழுதினேன். மொத்தம் 14.2 கிலோ! மூணு மடங்கு கிட்ட.

இதுல எனக்கே ஒரு பல்பு கிடைச்சுது. தீபாவளிக் குப்பைன்னா பட்டாசும் பிளாஸ்டிக்கும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். பட்டாசுக் குப்பை 2.4 கிலோ. அட்டைப் பெட்டி, கவர் எல்லாம் சேர்த்து 2.9 கிலோ. ஒழிச்சுப் போட்ட பழசு பட்டு முக்கால் கிலோ சொச்சம். மீதி 8.1 கிலோவும் சாப்பாடு! மிஞ்சின இட்லி, ஊசிப்போன சட்னி, யாரும் கடிக்காத லட்டு, இலை, பூ, காய்கறித் தோல். பாதிக்கு மேல நாம சமைச்சு, நாமளே சாப்பிடாம, நாமளே தூக்கிப் போட்டது.

எடையில கம்மின்னாலும் பெட்டிகள் அடைச்ச இடம் இருக்கே... அப்பப்பா! தம்பியோட புதுச் சட்டை ஒண்ணைப் பிரிச்சு கணக்கு எடுத்தேன். குண்டூசி 7, பிளாஸ்டிக் கிளிப் 2, காலருக்குள்ள பிளாஸ்டிக் பட்டை 1, முதுகுல அட்டை 1, கவர் 1, அதைப் போட்ட பெட்டி 1, அந்தப் பெட்டியைப் போட்ட பை 1. சட்டை 1.

இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு அம்மாகிட்ட போனேன். ''அடுத்த வருஷம் யாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கிடையாது. பத்துப் பெட்டி வாங்கி பத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம், அவங்க பத்துப் பெட்டி திருப்பிக் கொடுக்கிறாங்க. இது என்னம்மா லூசுத்தனம்?''

அம்மா கரண்டியைக் கீழே வெச்சாங்க. கத்துவாங்கன்னு எதிர்பார்த்தேன். கத்தலை.

''நீ பொறந்த வருஷம் உங்கப்பாவுக்கு வேலை இல்லைடி. தீபாவளிக்கு எல்லா வீட்ல இருந்தும் பலகாரம் வந்துச்சு. திருப்பிக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். இப்ப பெட்டியில வெச்சு நாலு பேருக்குக் கொடுக்க முடியுது. அதையா குப்பைங்கிற?''

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. நான் தராசுல தூக்கிப் பார்த்தது அட்டைப் பெட்டியோட எடையை மட்டும்தான்.

அந்த வருஷத்து இன்னொரு சாதனையையும் சொல்லிடுறேன். மொட்டை மாடியில உரம் தயாரிக்கிறேன்னு ஒரு பெயிண்ட் வாளியை எடுத்து, மிச்சமான சாம்பார், கறிக்குழம்பு எல்லாத்தையும் அதுல ஊத்தி மூடி வெச்சுட்டேன். நாலாவது நாள் திறந்தா... நெளியுது! வாடை கோடி வீடு வரைக்கும். அப்பாயி மூக்கைப் பொத்திக்கிட்டு, ''தஞ்சாவூர் பஸ்ல போறப்ப அரியமங்கலத்துல வீசுமே, அதை வீட்டுக்கே கொண்டாந்துட்டா என் பேத்தி''ன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க. அரியமங்கலம் எங்க ஊர்க் குப்பைக் கிடங்கு. சின்ன வயசுல அந்த வழியா பஸ்ல போனா ஜன்னலை மூடி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுவோம். யாரு அதிகமா மூச்சைப் பிடிக்கிறாங்கன்னு போட்டி. அங்கே கிடக்கிறதுல எங்க வீட்டு வாளியும் உண்டுன்னு ஒரு நாளும் தோணினதில்லை.

பரண்ல இருந்து இறங்கிய புதையல்

2025 தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் அது நடந்தது. பரண்ல ஒரு சாக்கு மூட்டை. இறக்கினா உள்ளே எல்லாம் எவர்சில்வர். தூக்குச்சட்டி, மூடி போட்ட சம்படம், அடுக்கு டப்பா. ஒவ்வொண்ணுலயும் புள்ளிப் புள்ளியா பேர் வெட்டியிருந்தது. தாத்தா பேர், அப்பாயி பேர், சிலதுல வருஷம்கூட. உங்க வீட்டுப் பாட்டி பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க, கண்டிப்பா இருக்கும். பாத்திரக் கடையில வாங்கினதும் 'டர்ர்ர்'னு ஒரு மெஷினை வெச்சு வெட்டிக் கொடுப்பாங்களே, அது!

''இதுக்கு எதுக்கு அப்பாயி பேரு? நாம என்ன ஹாஸ்டல்லயா இருக்கோம்?''னு தம்பி கேட்டான்.

''அடுத்த வீட்டுக்குப் போனா திரும்பி வரணும்ல? தீபாவளி, பொங்கலுக்கு இதுலதான்டா பலகாரம் போகும். பேரைப் பார்த்து அவங்கவங்க பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாங்க. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒண்ணும் இல்லேன்னாலும் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கணும்.''

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு சம்படத்தை எடுத்து முந்தானையால துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. அது அவங்க கல்யாணச் சீர்ல வந்தது. தாத்தா பேர் வெட்டினது. ரொம்ப நேரம் கழிச்சு, ''இதுல வெச்சுக் கொடுத்தா யாரும் குறைச்சலா நினைக்க மாட்டாங்கல்ல?''ன்னு கேட்டாங்க.

நான் ரெண்டு வருஷமா சார்ட் ஒட்டியும் நடக்காத காரியம்... அப்பாயி தூசி தட்டி அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க!

அதுக்கப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்தது. எதிர்வீட்டு அத்தை, மாடிவீட்டு டீச்சரம்மா, கோடிவீட்டுப் பாட்டி, நாங்க. நாலு வீட்டுக்கும் அம்மாவே தூது போனாங்க. முன்னெல்லாம் நாலு வீட்லயும் தனித்தனியா முறுக்கு, அதிரசம், லட்டு, மிக்சர்னு நாலு வகை செய்வாங்க. அந்த முறுக்கு டப்பா கார்த்திகை தீபம் வரைக்கும் எங்களை முறைச்சுக்கிட்டே இருக்கும். இந்த முறை ஒரு வீட்டுக்கு ஒரு பலகாரம்தான். நாங்க அதிரசம். அத்தை முறுக்கு. டீச்சரம்மா ரவா லட்டு. பாட்டி மிக்சர். நாலு வீட்டுக்கும் நாலு வகையும் டப்பாவில போச்சு. வேலை கால் பங்கு, எண்ணெய் மிச்சம், பெட்டி பூஜ்யம். அப்பா ஆபீஸ்ல மட்டும் பாச்சா பலிக்கலை. அங்கே பெட்டிதான் கௌரவம்னு சொல்லிட்டார். சரி, எல்லாக் கோட்டையையும் ஒரே நாள்ல பிடிக்க முடியுமா?

சாப்பாட்டு விஷயத்துல ஒரே ஒரு மாத்தம்தான். தீபாவளி காலையில இட்லிக்கு எவ்வளவு மாவு கரைக்கிறதுன்னு அம்மா ஆளுக்கு எத்தனை இட்லின்னு முந்தின நாளே கேட்டுட்டாங்க. ''என்னம்மா இது, ஹோட்டல் ஆர்டரா?''ன்னு அப்பா சிரிச்சார். ஆனா அன்னிக்கு மிஞ்சினது மூணே இட்லி. அதையும் சாயங்காலம் உப்புமாவாக்கி தம்பி காலி பண்ணிட்டான். குப்பைக்கு எதிரான முதல் ஆயுதம் குப்பைத்தொட்டி இல்லை, மளிகை லிஸ்ட்டுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

என்.எஸ்.பி. ரோட்ல துணி எடுக்கப் போனப்போ தோள்ல மஞ்சப்பை. 2021 டிசம்பர்ல கவர்மென்ட்டே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு திட்டம் போட்டுச்சே, நமக்கென்ன வெட்கம்னு போயிட்டேன். கூட வந்த ஃப்ரெண்டு பத்தடி தள்ளியே நடந்தா, தெரியாத ஆள் மாதிரி! ஆனா கடைக்கார அண்ணன்கிட்ட ''பெட்டி, கவர் வேணாம்ணே, பையில வெச்சுக்கிறேன்''னு சொன்னா, அவருக்கும் லாபம்தானே? சிரிச்சுக்கிட்டே கொடுத்தார். திரும்பி வர்றப்ப அவ வாங்கின நாலு அட்டைப் பெட்டி பஸ்ல வைக்க இடம் இல்லாம என் மடிக்குத்தான் வந்துச்சு.

மாடித் தோட்டத்துலயும் ரெண்டாவது இன்னிங்ஸ். இந்த முறை விசாரிச்சுக்கிட்டு இறங்கினேன். வாளிக்கு அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை போடணும், காத்து வேணும். அடியில காய்ஞ்ச இலை. அதுமேல காய்கறித் தோல், பூ, பொடியா கிழிச்ச வாழை இலை. அதுமேல மறுபடியும் காய்ஞ்ச இலை இல்லேன்னா தேங்காய் நார்த்தூள். கொஞ்சம் புளிச்ச மோர் தெளிக்கலாம். வாரம் ஒரு தடவை கிளறணும். ஈரம் ஜாஸ்தியாகி வாடை வந்தா, காய்ஞ்ச இலையை அள்ளிப் போட்டா போதும். கறி, எண்ணெய்ப் பலகாரம், குழம்பு... ம்ஹூம், கிட்டவே கூடாது! மாலையில இருக்கிற நைலான் நூல், ஜிகினா ரெண்டையும் உருவிட்டுத்தான் பூவைப் போடணும். ரெண்டு மாசத்துல கறுப்பா, மழை பெய்ஞ்ச மண் வாசனையோட உரம் ரெடி. அப்பாயியே கையில எடுத்து மோந்து பார்த்துட்டு, ''இதென்னடி, வாடையே இல்லை''ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்துட்டாங்க.

பட்டாசுக்கு வருவோம். தம்பியோட பட்டாசை நிறுத்தினா வீட்ல உள்நாட்டுப் போர்தான். அதனால ஒப்பந்தம். பாதி பட்ஜெட். வெடிக்கிறது வாசல்ல ஒரே இடத்துல. எரிஞ்ச கம்பி மத்தாப்பைத் தெருவுல எறியாம, தண்ணி ஊத்தின வாளியில போடணும். ஆறினதும் கம்பியெல்லாம் தனியா. வெடிக்காத பட்டாசை நல்லா நனைச்சு தனியா. ராக்கெட்டுக்குக் கண்ணாடி பாட்டில் கிடையவே கிடையாது!

பட்டாசுப் பேப்பர்தானே, மக்கிடும்னு அதையும் உரத்துல போடப் போனேன். கெமிஸ்ட்ரி படிக்கிற ஃப்ரெண்டு தடுத்துட்டா. பட்டாசுல பச்சை நிறத்துக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம்னு உலோக உப்புகளைச் சேர்ப்பாங்களாம். பட்டாசுல பேரியம் உப்பைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. சென்னையில பட்டாசுக் குப்பையைத் தனியா சேகரிச்சு, கும்மிடிப்பூண்டியில அபாயகரமான கழிவுகளைக் கையாளுற இடத்துக்கு அனுப்புறாங்க. அப்படிப்பட்டதை நான் கீரைக்குப் போடப் பார்த்தேன்! அதனால அது தனிப் பையில போச்சு.

இப்போ கொக்கித் தராசு ரிப்போர்ட். 2025 தீபாவளி, அதே மூணு நாள். மொத்தம் 6.3 கிலோ. அதுல 2.2 கிலோ மாடி வாளிக்குப் போயிடுச்சு. குப்பை வண்டிக்குப் போனது 4.1 கிலோதான். சாதாரண நாள் கணக்கைவிடக் கம்மி! அம்மா அந்த நோட்டை எதிர்வீட்டு அத்தைகிட்ட காட்டிட்டு வந்தாங்க. ஏதோ நான் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கின மாதிரி.

கடைசிக் கணக்கு

எல்லாம் சரி. ஆனா 14 கிலோ 4 கிலோ ஆனாலும், மனசுல ஒரு கிலோகூட இறங்கலை. ஏன்னா அந்தக் கண்ணாடி இன்னும் உள்ளேயே இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. ஆறரை மணி விசில். இந்த முறை தூக்கக் கலக்கம் இல்லை, அஞ்சரைக்கே எழுந்துட்டேன். மூணு பையையும் எடுத்துட்டுப் போனேன். கூடவே ஒரு பொட்டலம். முந்தின நாள் அம்மா கைதவறி ஒரு டம்ளரை உடைச்சிருந்தாங்க. அதை நாலு மடிப்புப் பேப்பர்ல சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, டேப் ஒட்டி, மேல பெருசா 'கண்ணாடி - கவனம்'னு எழுதியிருந்தேன்.

அக்கா வாங்கிக்கிட்டாங்க. நான் உள்ளே போகலை.

''அக்கா... ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளிக்கு உங்க கை கிழிஞ்சுதே... அந்தக் கண்ணாடி நான் போட்டதுக்கா.'' சொல்லும்போதே குரல் போயிடுச்சு. ''அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.''

அவங்க பொட்டலத்தை வண்டியோட ஓரத்துல பத்திரமா சொருகினாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

''தெரியும் பாப்பா.''

''எப்படி?''

''அந்தக் கவர்லயே ஸ்வீட் பொட்டி இருந்துச்சு. மேல உங்கப்பா பேரு சிவப்புல எழுதியிருந்துச்சு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.''

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. ரெண்டு வருஷம்! தினமும் எங்க வீட்டு வாசல்ல நின்னு விசில் ஊதியிருக்காங்க. அம்மா 'அறிவில்லாதவங்க'ன்னு திட்டினப்போகூட ஒரு வார்த்தை சொல்லலை.

''ஏங்க்கா எங்ககிட்ட கேட்கவே இல்லை?''

''கேட்டா என்ன பண்ணுவீங்க? சண்டை வரும். அப்புறம் நாளைக்கு இதே வாசலுக்குத்தானே வரணும்?'' அவங்க உள்ளங்கையை விரிச்சுக் காட்டினாங்க. கட்டை விரலுக்குக் கீழ வெள்ளையா ஒரு கோடு. ''பண்டிகைக்கு மறுநாள் ஒவ்வொரு கவர்லயும் கைய விடும்போது பயந்துக்கிட்டேதான் விடுவேன். எதுல என்ன இருக்குன்னு எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்? இப்ப நீ எழுதி ஒட்டித் தர்ற. உன் வீட்டுப் பைன்னா தைரியமா எடுக்கிறேன்.''

''சாரிக்கா''ன்னேன். அதைவிடப் பெரிய வார்த்தை ஏதாவது இருந்தா தேவலைன்னு இருந்தது.

''சரி சரி, நேரமாச்சு''ன்னு விசிலை வாயில வெச்சுட்டாங்க. நான் ''ஒரு நிமிஷம்க்கா''ன்னு உள்ளே ஓடினேன். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா முகம் எப்படியோ ஆயிடுச்சு. ஒண்ணுமே பேசாம தாத்தா பேர் வெட்டின அந்தச் சம்படத்தை எடுத்து, அதிரசமும் முறுக்குமா நிரப்பி, அவங்களே வாசலுக்குப் போய்க் கொடுத்தாங்க. வழக்கமா அக்காவுக்குத் தீபாவளிக் காசும், மிச்சப் பலகாரத்தை ஒரு கவர்ல போட்டும்தான் கொடுப்போம்.

அக்கா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாங்க. ''பேர் வெட்டியிருக்கே... இது வேணாம்க்கா, கவர்லயே போட்டுக் கொடுங்க.''

''பேர் இருந்தா என்ன? திருப்பிக் கொடுக்கப் போறீங்க''ன்னாங்க அம்மா.

நாம தூக்கிப் போட்ட அடுத்த நிமிஷமே குப்பை நம்மளுது இல்லைன்னு நினைச்சுக்கிறோம். முடிச்சு போட்டதும் அது யாரோ ஒருத்தரோட பிரச்னை. ஆனா அதுல நம்ம பேர் இருந்துகிட்டேதான் இருக்கு. அதைப் படிக்கிற ஆளும் இருக்காங்க. உங்க வீட்லயும் அடுத்த பண்டிகை வரும். சார்ட் ஒட்டாதீங்க, வேலைக்கு ஆகாது... நான் கியாரன்ட்டி! பரண்ல ஏறிப் பாருங்க. முறுக்கு சுடுறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல என்ன செய்றாங்கன்னு கேளுங்க. உடைஞ்ச கண்ணாடியை மட்டும் தயவுசெஞ்சு கவர்ல போடாதீங்க. பேப்பர்ல சுத்தி, மேல எழுதி, கையில கொடுங்க.

2026 பொங்கலுக்கு மறுநாள் காலையில அந்தச் சம்படம் திரும்பி வந்தது, பளபளன்னு புளி போட்டுத் தேய்ச்சு. அம்மா மூடியைத் திறந்தாங்க.

உள்ளே ஒரு கை சர்க்கரை.